சீஃபுக்குப் பதினோரு புகார்

வகுப்பில் அவனுக்கு வைத்திருந்த பெயர் மியூட். வீட்டில் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. கல்லூரியில் அதை வருகைப் பதிவேடு மட்டும்தான் உபயோகித்தது. அதைப் படிக்கும்போது அவன் சொல்லும் 'பிரசன்ட் சார்' முதல் பெஞ்சைத் தாண்டாததால், முதல் வருடத்தில் பாதி நாள் அவன் வராதவனாகவே இருந்தான். மற்றபடி குறை சொல்ல முடியாத பையன். எந்த எலும்பில் எந்தத் துளை, அதற்குள் எந்த நரம்பு என்று எழுதச் சொன்னால் பிட்டுப் பிட்டு வைப்பான். வாயைத் திறந்து சொல்லச் சொன்னால்தான் தொண்டையில் பூட்டு விழுந்துவிடும்.

இரண்டு வருடம் இது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. அதுவரை அவன் தொட்டுப் பார்த்த மனிதர்கள் எல்லாரும் ஃபார்மலினில் ஊறியவர்கள். அவர்கள் பேச்சை எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, அவனையும் அவன் பேட்ச்சையும் பெண்கள் சர்ஜரி வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். அதுதான் பிரச்சினை.

வார்டின் தலைமை டாக்டரம்மாவை டாக்டர்கள் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லாரும் சீஃப் என்றுதான் சொல்வார்கள். குள்ளமான உருவம், தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. வந்ததும் வராததுமாக விஷயத்துக்கு வந்தார்.

"ஆளுக்கு ஒரு நோயாளி. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு அவங்க ஹிஸ்டரி எனக்கு வேணும். என்ன பண்ணுது, எப்ப ஆரம்பிச்சுது, எல்லாம். கேஸ் ஷீட்டைத் தொடக்கூடாது. சிஸ்டரைக் காக்கா பிடிக்கக்கூடாது. வாயால கேளுங்க, காதாலயும் கேளுங்க. நோயாளிகிட்டப் பேச வரலைன்னா வருத்தப்படாதீங்க. அடுத்த பேட்ச்சோட திரும்ப இதே வார்டுக்கு வரலாம்."

பொதுவாகத்தான் சொன்னார். மியூட்டுக்குத் தன் பெயரைச் சொல்லிச் சொன்னது போல இருந்தது. ஜூனியர்களோடு திரும்ப வந்து நிற்பதா? அவனுடைய அம்மா தெரு முழுக்கப் 'பையன் டாக்டர்' என்று சொல்லி முடித்து, அடுத்த தெருவை ஆரம்பித்திருந்தார். சித்தப்பா வாரா வாரம் போன் போட்டு முட்டிக்கு மாத்திரை கேட்கிறார். ஐந்து வருடத்துக்கு வர வேண்டும் என்று அம்மா இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கோட்டு வேறு தோளைத் தாண்டித் தொங்கியது. இருபது வயதில் இனி எந்தப் பக்கம் வளரப்போகிறான் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இதயம் பற்றி லெக்சர். இரண்டு மணி, இருட்டாக்கிய அறை, அரை வகுப்பு தூக்கம். இதயம் பம்ப் அடிக்கத் திணறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று ஆசிரியர் ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே போனார். கால் வீங்குவதற்கு ஒரு பெயர். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிவதற்கு இன்னொரு பெயர்: ஆர்த்தாப்னியா. கடைசியில் தூங்குமூஞ்சிகளைப் பழிவாங்கச் சட்டென்று ஒரு டெஸ்ட் வைத்தார். மியூட்டுக்கு இருபதுக்கு இருபது. பக்கத்தில் இருந்த அவன் நண்பன் ரேடியோ (அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை) ஆர்த்தாப்னியாவை மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் எழுதி வைத்தான், ஏதாவது ஒன்று சரியாக இருக்கட்டும் என்று. மூன்றும் தப்பு.

புதன்கிழமை. மியூட்டுக்கு ஒன்பதாம் நம்பர் கட்டில். அதில் ஒரு தையற்காரம்மா, பின்னால் போர்வையைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவன் வருவதைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார்.

"இதை யாரு தம்பி தைச்சது? தோள் முழங்கைக்கிட்ட நிக்குது."

ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கலைந்து போயின. பெயர் என்ன, வயசு என்ன, என்ன தொழில், அப்புறம் சீஃப் கம்ப்ளெயின்ட் என்ன என்று வரிசை. நோயாளி எந்த முக்கியமான தொந்தரவுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாரோ, அதற்கு டாக்டர் பாஷையில் சீஃப் கம்ப்ளெயின்ட் என்று பெயர். மற்றதெல்லாம் தொண்டையிலேயே தங்கிவிட, வெளியே வந்து விழுந்தது அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான்.

"சீஃப்... கம்ப்ளெயின்ட்..."

தையற்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சீஃப் யார் என்பது அவருக்குத் தெரியும். கம்ப்ளெயின்ட் என்றால் என்ன என்பதும் தெரியும்.

"சீஃபுக்குக் கம்ப்ளெயின்டா? அப்பாடா, ஒருத்தராவது கேக்க வந்தீங்களே. உக்காருங்க. எழுதிக்கங்க."

அந்த நிமிஷமே 'அது இல்லம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். மியூட்டால் முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, ஒன்று என்று போட்டான்.

ஒன்று, தலைக்கு மேலே ஃபேன் கிறீச் கிறீச் என்கிறது. இரண்டு, வார்டு கதவை எல்லாரும் அறைந்து சாத்துகிறார்கள். மூன்று, திரைச்சீலையின் ஓரத் தையல் பிரிந்து தொங்குகிறது, ஊசி நூல் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள், கை துருதுரு என்கிறது. தையற்காரம்மா சொல்லச் சொல்ல மியூட் நல்ல பிள்ளையாக எழுதினான். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது.

செருப்பு விவகாரம் வந்தபோதுதான் நிலைமை கொஞ்சம் சூடானது. தையற்காரம்மாவுடையது நீல ரப்பர் செருப்பு. பத்தாம் நம்பர் கட்டிலில் கழுத்துக் கட்டிக்காக வந்திருந்த கணக்கு டீச்சருடையதும் நீல ரப்பர் செருப்பு.

"ரெண்டு வருஷமாப் போடற செருப்பு தம்பி. வந்த மறுநாளே கால்ல ஏற மாட்டேங்குது. யாரோ மாத்திட்டாங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்," என்று பத்தாம் கட்டிலைப் பார்த்தபடியே சொன்னார்.

கணக்கு டீச்சர் செய்தித்தாளை இறக்காமல் பேசினார். "தம்பி, என் கம்ப்ளெயின்டையும் சேர்த்துக்கோ. முப்பது வருஷம் பாடம் நடத்தினவளைச் செருப்புத் திருடிங்கறாங்க. மூணு நாளா நாங்க பேசறதில்ல."

ரேடியோவுக்கு ஏழாம் கட்டில். அங்கே அவன் இருபது நிமிடம் விடாமல் பேசினான். முடிவில் அந்த நோயாளிக்கு ரேடியோவின் முழு ஹிஸ்டரியும் தெரிந்துவிட்டது. அக்கா கல்யாணம் நின்றுபோனதற்கு அவர் ஆறுதல்கூடச் சொன்னார்.

வியாழக்கிழமை மியூட் ஒரு முடிவோடு போனான். நான் கம்ப்ளெயின்ட் வாங்குகிற ஆள் இல்லை, மாணவன், உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் உதடு அசைய நான்கு முறை சொல்லிப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். ஆனால் அவன் தலையைக் கண்டதுமே தையற்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க தம்பி. உங்களுக்காக இன்னும் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்."

தன்னைப் பார்த்து ஒரு முகம் இப்படி மலர்ந்து அவனுக்குப் பழக்கமில்லை. பேனாவை எடுத்துவிட்டான். முந்தின நாள் நாலாவதாக எழுதிய தலையணைப் புகாரில் மட்டும் ஒரு சந்தேகம். எழுதுவதைச் சரியாக எழுதுவோமே என்று கேட்டான். "எத்தனை தலையணைன்னு போட?"

"மூணு. இந்த ரெண்டு வாரமா வீட்டுல மூணு வச்சு, சாஞ்சு படுத்தாத்தான் தூக்கம். இங்க ஒண்ணுக்கு மேல தர மாட்டேங்கறாங்க."

மூன்று என்று குறித்துக்கொண்டான். நோயாளியிடம் அவன் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி அது. அவன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையான கேள்விகளுக்கு வருவதற்குள், தையற்காரம்மாவுக்குச் சனிக்கிழமை நடக்கவிருந்த ஆபரேஷனுக்கு ரத்தம் எடுக்க ஆள் வந்துவிட்டார். அவனுக்கும் வகுப்பு மணியாகிவிட்டது. கையில் இருந்தது பதினோரு புகார். ஹிஸ்டரி ஒரு வரிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. வார்டை ஒட்டிய சின்ன அறையில் சீஃப் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றி எட்டு வெள்ளைக் கோட்டுகள். ரேடியோ தன் நோயாளியைப் பற்றி ஆரம்பித்து எங்கெங்கோ போய், போதும் என்று நிறுத்தப்பட்டுப் பாஸாகி உட்கார்ந்தான்.

"ஒன்பதாம் கட்டில்?"

மியூட் எழுந்தான். பொய் சொல்லவும் ஒரு குரல் வேண்டும், அதுவும் இல்லை.

"மேடம், ஹிஸ்டரி எடுக்கல. சீஃப் கம்ப்ளெயின்ட் கேட்டேன். அவங்க... உங்களுக்குக் கம்ப்ளெயின்ட்னு நினைச்சுக்கிட்டாங்க. பதினொண்ணு குடுத்தாங்க."

அறை சிரித்தது. சீஃப் சிரிக்கவில்லை. "எனக்கு வந்த கம்ப்ளெயின்ட்தானே. படி."

படித்தான். ஃபேனுக்கு ஒரு சிரிப்பு, கதவுக்கு ஒரு சிரிப்பு. "நாலு. தலையணை ஒண்ணுதான் இருக்கு. மூணு வேணும், சாஞ்சாத்தான் தூக்கம்." ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்து வந்தது ஜன்னல், அதற்கு அடுத்தது பக்கத்துக் கட்டில் குறட்டை. "ஏழு. பாத்ரூம் ரொம்ப தூரம். வழியில ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்க வேண்டியிருக்கு, நடுவுல ஒரு நாற்காலி போடணும்." காதுவரை சிவந்து, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்துக்கொண்டே போனான். "பத்து. செருப்பை யாரோ மாத்திட்டாங்க. ரெண்டு வருஷமாப் போடற செருப்பு திடீர்னு கால்ல..."

நிறுத்தினான். கண் பத்திலிருந்து ஏழுக்குப் போனது. ஏழிலிருந்து நாலுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை இருட்டறையில் இருபதுக்கு இருபது வாங்கிய வார்த்தைகள் முத்து முத்தான தன் கையெழுத்திலேயே, தலையணையாகவும் செருப்பாகவும் எழுதப்பட்டிருந்தன.

"மேடம், செருப்பை யாரும் மாத்தல," என்றான். "கால் வீங்கியிருக்கு. மூணு தலையணை இல்லாமப் படுக்க முடியல, அது ஆர்த்தாப்னியா. பாத்ரூம் போறதுக்கே மூச்சு வாங்குது. அவங்களுக்கு இதயம் திணறுது மேடம். நாளைக்குக் காலையில ஆபரேஷன். நிறுத்தணும். தயவுசெஞ்சு நிறுத்துங்க."

ரேடியோ திரும்பிப் பார்த்தான், பேசுவது யார் என்று. வார்டிலிருந்து சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சீஃப் அதற்குள் எழுந்து நடந்துகொண்டிருந்தார்.

ஒன்பதாம் கட்டிலில் சீஃப் பேச்சுக் கொடுத்தபடியே தையற்காரம்மாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. கழுத்து நரம்பைப் பார்த்தார், முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், அப்புறம் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். பித்தப்பைக் கல்லுக்கான சின்ன ஆபரேஷன். இதயப் பரிசோதனை சரி என்று எழுதியிருந்தது. தேதி இரண்டு மாதத்துக்கு முந்தியது. பள்ளிச் சீருடை தைத்து முடிக்க வேண்டும் என்று தையற்காரம்மாவே இரண்டு தடவை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தார். பழைய தாள் மட்டும் புதுக் கட்டிலுக்கு வந்துவிட்டது.

"இதை நம்பி நாளைக்கு மயக்க மருந்து குடுத்திருப்போம்," என்றார் சீஃப், அருகில் நின்ற ஜூனியர் டாக்டரிடம். மெதுவாகத்தான் சொன்னார். அந்த டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. இதய டாக்டருக்கு ஆள் போனது. வராந்தாவில் சீஃப் மியூட்டை நிறுத்தினார்.

"அவங்க வயசு?"

"கேக்கல மேடம்."

"பேர்?"

"கேக்கல."

"ரெண்டு மார்க் கட். அடுத்த பேட்ச்சோட வர வேண்டாம், அடுத்த வாரம் பத்தாம் கட்டிலை எடுத்துக்கோ." அவன் கையிலிருந்த புகார்த் தாளை வாங்கி ஒருமுறை கீழே வரை பார்த்தார். பதினொன்று: இந்தத் தம்பியின் கோட்டு. "இதுவும் நியாயமான கம்ப்ளெயின்ட்தான். போ, போய் உன் நோயாளிகிட்ட விஷயத்தைச் சொல்லு."

தப்பித்தோம் என்ற சந்தோஷம் வார்டு கதவு வரைக்கும்தான் நிலைத்தது. தையற்காரம்மா கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு ஆபரேஷன் இல்லையாமே தம்பி. நான் ரொம்பக் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டேனோ? அதான் கோவமா?"

மியூட் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். "நான் கம்ப்ளெயின்ட் ஆள் இல்லம்மா. இங்க படிக்கிற பையன். யாருக்கும் உங்க மேல கோவம் இல்ல. நீங்க அதெல்லாம் சொன்னதாலதான் தெரிஞ்சுது." தலையணை, பாத்ரூம், செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இதயத்துக்கு மருந்து கொடுத்து, நீர் வடிந்து, உடம்பு தேறிய பிறகுதான் ஆபரேஷன் என்றான். முதல் தடவையாக அவன் சொன்னது எதையும் யாரும் 'என்ன?' என்று திருப்பிக் கேட்கவில்லை.

தையற்காரம்மா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"அப்ப அந்தச் செருப்பு?"

"உங்களோடதுதாம்மா."

அவர் பத்தாம் கட்டில் பக்கம் திரும்பினார். செய்தித்தாள் ரொம்ப நேரமாகப் பக்கம் புரளவில்லை.

"டீச்சர், செருப்பு என்னோடதுதான். கால்தான் மாறிப்போச்சு."

கணக்கு டீச்சர் செய்தித்தாளை மடித்து வைத்தார். தன் தலைக்குக் கீழே இருந்த தலையணையை உருவி மியூட்டிடம் நீட்டினார்.

"இதோட ரெண்டு. மூணாவதுக்கு வேற யார்கிட்டயாவது கேளு."

அவன் அந்த வரிசையின் கடைசிக் கட்டிலுக்குப் போனான். அங்கே இருந்த அம்மாள் அன்று வீட்டுக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். மியூட் நிமிர்ந்து நின்று தலையணை வேண்டும் என்று கேட்டான்.

"எடுத்துட்டுப் போ தம்பி," என்றார் அவர். "அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."