தகவல் என்று எழுதிய வரி

பால் குளிர்விக்கும் தொட்டிகளைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் மென்பொருளைச் செய்யும் சிறிய அலுவலகம் அது, மொண்டேவீடியோ நகரில். அதெமார் அங்கே நிரல் எழுதுபவன். நிரல் தான் காண்பதையெல்லாம் வரி வரியாகப் பதிந்துவைக்கும். தகவல், எச்சரிக்கை, பிழை என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் உண்டு. யாருடைய நிரலில் அந்த வாரம் பிழைகள் அதிகமோ, அவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பிஸ்கோச்சோ ரொட்டி வாங்கிவர வேண்டும் என்பது அவர்களுடைய விளையாட்டான வழக்கம்.

தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமைகள் அதெமார்தான் பொட்டலம் சுமந்து வந்தான். "பேக்கரிக்காரர் வந்தாச்சு, மாத்தே டீக்குத் தண்ணி வைங்கப்பா" என்று உடன் வேலை செய்யும் ஃபப்ரிசியோ வரவேற்றபோது அவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கேலி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

நான்காம் வாரம் அவன் ஒரே ஒரு சொல்லை மாற்றினான். வெப்பமானி பதில் தராதபோது 'பிழை' என்று பதிந்த வரி, 'தகவல்' என்று பதியத் தொடங்கியது. வெப்பமானி பெரும்பாலும் அரை நிமிடத்தில் தானே விழித்துக்கொள்ளும், எதற்கு வீண் ஆர்ப்பாட்டம் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டான். பிழை என்று பதிந்தால் மட்டுமே, அன்றன்று முறைபோட்டுத் தொட்டிகளைக் கவனிக்கும் ஊழியரின் கைபேசி ஒலிக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. திருடன் வந்தாலும் வாலை ஆட்டும்படி வீட்டு நாயைப் பழக்கிவிட்டு, தெரு அமைதியாக இருக்கிறதென்று மகிழ்ந்தவனைப் போல, அந்த வெள்ளிக்கிழமை அவன் வெறுங்கையோடு நிமிர்ந்து நடந்து வந்தான்.

ஞாயிறு மதியம் சான் ஹோசே என்ற ஊரில் இடி விழுந்து, அவர்களுடைய வாடிக்கையாளரான கிழவர் டான் வில்மாரின் பால் பண்ணையில் மின்சாரம் நின்றது. குளிரூட்டியும் வெப்பமானியும் சேர்ந்தே ஓய்ந்தன. பதில் இல்லை, பதில் இல்லை என்று நிரல் மாலைவரை பதிந்துகொண்டே இருந்தது. அத்தனையும் தகவல். கெட்டுப்போன மூவாயிரம் லிட்டர் பாலைக் கிழவர் வாய்க்காலில் திறந்துவிட்டார்.

அன்று காவல் முறை ஃபப்ரிசியோவுடையது. திங்கட்கிழமை தலைவி மிர்தா அவனை எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தாள். கைபேசி ஒலிக்கவே இல்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். "இறைச்சி சுடுற அடுப்புக்கு முன்னாடி உக்காந்தா இவனுக்குக் காது கேக்காது" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. இனி அவனைக் காவல் முறையில் வைப்பதா என்று யோசிக்க வேண்டும் என்றாள் மிர்தா. ஃபப்ரிசியோ தலை குனிந்து, ஒருவேளை தூங்கிப்போயிருப்பேனோ என்று தன்னையே சந்தேகிக்கத் தொடங்கினான்.

அந்த முகத்தை அதெமாரால் பார்க்க முடியவில்லை.

"அவன் தூங்கல, மிர்தா. ஃபோன் அடிக்காதபடி செஞ்சது நான்தான்."

சொல்லை மாற்றியதைச் சொன்னான். எதற்காக என்பதையும் சொன்னான். ரொட்டிப் பொட்டலத்துக்குப் பயந்து என்று வாய்விட்டுச் சொன்னபோது அந்தக் காரணம் எவ்வளவு அற்பமானது என்பது அவன் செவிக்கே கேட்டது.

ஃபப்ரிசியோ கோபப்படவில்லை. டான் வில்மாரின் எண்ணை அழுத்திக் கைபேசியை நீட்டினான். "காலைலேர்ந்து மூணு தடவ நான் மன்னிப்புக் கேட்டாச்சு. இப்ப நீ பேசு."

அதெமார் பேசினான். கிழவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"அப்போ என் பால் கெட்டுக்கிட்டிருந்தது உங்களுக்கு வெறும் தகவல். அப்படித்தானே, தம்பி?"

"ஆமாங்க" என்றான். மறுமுனையில் மாடுகள் கத்துவது கேட்டது. அவர் இணைப்பைத் துண்டிக்கும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.