ஈயமும் செம்பும் நான்கு குவியல்களும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கையுறை வாங்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டேன். வடக்கு ஸ்வீடனில், எங்கள் ஊர் வேட்டைக் கடையில், எனக்கு முன்னால் இல்வா நின்றிருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. கடைக்காரரிடம் ஈயம் இல்லாத தோட்டா கேட்டாள். பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் சிக்ஸ்டன் சிரித்தான். நான் கையுறை வாங்காமலே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "செப்டம்பரின் பனிமூட்டத்தில் காடு மௌனமாக..." (அடித்தாயிற்று. அன்று நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு துப்பாக்கிக்கு எந்தக் குண்டு பிடிக்கும் என்பது மாமியாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதைப் போல..." (என் மாமியார் இதையெல்லாம் படிப்பவர். வேண்டாம்.)

சரி, நேராகவே சொல்கிறேன். எங்கள் வேட்டைக் குழு நான்கு வீடுகள்: இல்வா, சிக்ஸ்டன், பெரிட், நான். செப்டம்பரில் சுடும் எல்க் மான்தான் அடுத்த கோடை வரை எல்லோருக்கும் கறி. ஈயக் குண்டு உடம்புக்குள் போனதும் சிதறும். கண்ணுக்குத் தெரியாத தூள் கறியில் தங்கும். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். செம்புக் குண்டு சிதறாது. இல்வாவுக்குச் செம்பு வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

(எல்க்கைக் கடமான் என்று எழுதிப் பார்த்தேன். கடமான் இதன் தோளுக்குக்கூட வராது. எல்க் என்றே இருக்கட்டும்.)

2

சிக்ஸ்டனை வில்லனாக்கப் பார்த்தேன். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், முன்கோபி, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. நியாயம் அவன் பக்கமும் கொஞ்சம் இருந்தது. ஈயம் சட்டென்று சாய்க்கும், மிருகம் துடிக்காது என்பதுதான் அவன் பேச்சு. நம்பித்தான் சொன்னான்.

"அம்மா ஈயக் கறி தின்னுதான் நம்ம ரெண்டு பேரையும் பெத்தா. எனக்கு என்ன குறைச்சல்?" என்றான்.

"உன் பொண்டாட்டிகிட்ட கேளுண்ணே. பட்டியலே தருவா," என்றாள் இல்வா.

(இந்த நாட்டில் அண்ணனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும் அதைத் தமிழில் எழுத என் கை வரமாட்டேன் என்கிறது. மன்னியுங்கள்.)

3

சுடுதளத்தில் செம்பு அவள் மானத்தை வாங்கியது. வழக்கமான ஈயக் குண்டின் எடையிலேயே செம்பும் வாங்கியிருந்தாள். நூறு மீட்டர் தள்ளி இருந்த அட்டையில் ஐந்து குண்டும் ஆளுக்கொரு மூலையில். சிக்ஸ்டன் அட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். அதற்கு அவன் கேலி செய்திருந்தால் தேவலை.

இங்கே ஒரு கட்டுரை நுழைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குச் செம்பில் செய்தால் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். இல்வாவின் துப்பாக்கி பழசு. குழாயின் உள்வரிகள் மெதுவாகத்தான் திரும்பும். குண்டு தள்ளாடும். (கட்டுரை முடிந்தது.)

கைப்பிடியை இழுத்து வெற்றுத் தோட்டாவைத் தட்டிவிட்டு அவள் சொன்னாள்: "அடிபட்டு ஓடுற மிருகத்தை என்னால பாக்க முடியாது. இதுதான் கதின்னா இந்த வருஷம் நான் சுடவே மாட்டேன்."

மறுவாரம் லேசான, குட்டையான செம்புக் குண்டோடு வந்தாள். ஒன்பதே முக்கால் கிராம். எல்க்குக்குச் சட்டம் அனுமதிக்கும் எடைதான். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. சிக்ஸ்டன் தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி முதலில் அவளிடம் நீட்டினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

4

முடிக்க முடியாததற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம்.

வேட்டைக் காட்சிக்கு எட்டுப் பக்கம் வைத்திருந்தேன். "நாய் குரைத்தது, கிளை முறிந்தது, அவள் மூச்சை..." (போதும்.) இல்வா ஒரே குண்டில் பெரிய கொம்பன் எல்க்கைச் சாய்த்தாள். நாலடிகூடப் போகவில்லை. மதியம் சிக்ஸ்டன் ஒரு கன்றைச் சுட்டான். ஈயத்தால்.

கறியை நான்கு குவியலாக வைத்தோம். கொம்பனில் மூன்று, கன்றில் ஒன்று; எடை ஏறக்குறைய சமம். பிறகு ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, இன்னொருவர் ஒரு குவியலைச் சுட்டி யாருக்கு என்று கேட்பார். நிற்பவர் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டும். யாருக்கு எது விழுந்ததோ அது. மாற்றிக்கொள்வது கேவலம். ஆக, இல்வா தன் குண்டைத் தேர்ந்தெடுக்கலாம். தன் கறியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த ஒரு தடவை கொம்பன் கறியை அவளுக்கு ஒதுக்கிவிடலாம் என்று பெரிட் சொன்னாள். நானும் தலையாட்டினேன். இல்வா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு தடவை ஆளைப் பாத்துக் குடுத்தா, அப்புறம் எல்லா வருஷமும் ஆளைப் பாத்துதான் குடுப்போம். கன்னு எனக்கு விழுந்தா இந்தக் குளிர்காலம் நான் மீன் தின்னுட்டுப் போறேன்."

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. கன்று இல்வாவுக்கு. வீட்டில் கறி இருந்தும் அவளுக்கில்லை. தாய்மாமன் சுட்ட குண்டு வயிற்றுப் பிள்ளையின் பங்கைப் பறித்துவிட்டது. சிக்ஸ்டன் திருந்துகிறான். (திருந்துகிற ஆட்களைக் கதைகளில்தான் அதிகம் பார்க்கிறேன்.)

ஆ. கன்று சிக்ஸ்டனுக்கு. சப்புக்கொட்டித் தின்கிறான். அடுத்த வருடமும் ஈயம்.

இ. கன்று எனக்கு. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துவிடுவேன். எனக்கென்ன, வயசாயிற்று.

மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. சிக்கல் வேறு. எங்கள் குழுவில் முதுகைக் காட்டி நிற்கும் வேலை என்னுடையது. எழுதுகிறவனால் அது முடியாது. எந்தக் குவியல் எதுவென்று எனக்குத் தெரியும். எந்தப் பெயரைச் சொன்னாலும் அது ஆளைப் பார்த்துக் கொடுத்ததாகிவிடும். இல்வா அதைத்தானே வேண்டாம் என்றாள்.

அதனால் நீங்கள் வாருங்கள். அந்தப் பைன் மரத்தைப் பார்த்து நில்லுங்கள். பெயர்கள் நான்கு: இல்வா, சிக்ஸ்டன், பெரிட், நான். சுட்டுகிறவன் சிக்ஸ்டன்; அவன் விரல் எந்தக் குவியல்மேல் என்று நான் சொல்லப்போவதில்லை.

கன்றுக் கறி இளசு. எங்கள் குழுவில் வருடாவருடம் எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான். இன்று சிக்ஸ்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இல்வாவின் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கன்னு எனக்கே வரணும். இந்த வருஷம் எனக்கே வந்துடணும்," என்று முணுமுணுக்கிறான். இல்வா அதைக் கேட்டாள். அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

சிக்ஸ்டன் விரலை நீட்டிவிட்டான்.

"இது யாருக்கு?"