என்னால் திருத்த முடியாத ரேடியோ

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, என்னோடு படித்த அழகர் தன் தொழிலாளர் லயத்து விலாசத்துக்குப் பதிலாகப் பதுளையிலுள்ள எங்கள் ரேடியோக் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தான். எழுபத்தைந்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்க அவனுக்கு இடம் கிடைத்த கடிதத்தை நான்தான் வாங்கிப் பிரித்தேன். அதே சோதனையை நானும் எழுதியிருந்தேன். எனக்கு ஒரு மண்ணும் வரவில்லை. கடைக்காரர் மகன் நான் இங்கே ஈயம் உருக்க, லயத்துப் பயல் இஞ்சினியராவதா? வயிறு எரிந்தது. சேரும் தேதி கடக்கட்டும் என்று, ஒரு மாதமாக என்னால் திருத்த முடியாமல் கிடந்த துரை பங்களா ரேடியோவுக்குள் அதைத் திணித்து மூடினேன்.

மறுநாள், எங்கள் கடையிலேயே ரேடியோ திருத்தப் பழகியிருந்த அழகர் வந்தான்.

"கடிதாசி ஏதும் வந்துச்சா, ஹுமைத்?"

"வரல்ல."

முகம் வாடித் திரும்பியவனை வாப்பா கூப்பிட்டார். "அழகர், அந்தத் துரை ரேடியோவக் கொஞ்சம் பாருங்க தம்பி. இவனுக்கு ஏலாதாம்."

அழகர் திருப்புளியைக் கையில் எடுத்தான்.