அவருக்கு விளங்காது

சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டப்பட்டு, கழுத்தருகே ஒரு முனை ஏறி, இடுப்பில் ஒரு முனை தொங்க, நீதிமன்ற வராந்தாவின் பெஞ்சில் சவரிராஜ் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவர் மனைவி ஜெசிந்தா குனிந்து பொத்தான்களைச் சரிசெய்யக் கை நீட்டுகிறாள், நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறேன், விடும்மா, அப்படியே இருக்கட்டும், ஜட்ஜ் பார்க்கட்டும் என்கிறேன், அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள், தூத்துக்குடியின் உப்புக் காற்று வராந்தாவுக்குள் வந்து என் கறுப்புக் கோட்டை உடம்போடு ஒட்டவைக்கிறது. இதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போது நான் கோர்ட்டுக்குப் போவதுமில்லை, ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தால் அந்தப் பெஞ்சுக்கே போய்ச் சேர்கிறேன், சில நாள் அதில் உட்கார்ந்திருப்பது நானாக இருக்கிறேன், என் கோட்டின் பொத்தான்கள் மாறிக் கிடக்கின்றன, சரிசெய்யலாம் என்றால் விரல்கள் வரவில்லை, விடு, பார்க்கட்டும் என்று யாரோ சொல்கிறார்கள், குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தால் அதுவும் நானாகவே இருக்கிறேன்.

விபத்து வழக்குகளை மட்டுமே நடத்தி வாழ்ந்தவள் நான், கூடப் படித்தவர்கள் கொலை வழக்கு என்றும் நில வழக்கு என்றும் பேர் வாங்கினார்கள், என் வாசலுக்கு வந்தவர்கள் எல்லாரும் கட்டுப் போட்டுக்கொண்டோ, கம்பை ஊன்றியோ, யாராவது தூக்கிக்கொண்டோ வந்தார்கள், ஒரு ஆளிடம் மிச்சமிருப்பதை மறைத்து, போனதை மட்டும் எடுத்து நீதிபதியின் மேசையில் வைப்பது என் தொழில், செயற்கைக் காலில் நடக்கப் பழகிவிட்ட ஒருவரிடம் நாளைக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன், முகம் வெந்துபோன பெண்ணிடம் முக்காட்டை எடு என்று சொல்லியிருக்கிறேன், அவர்கள் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள், எதிரே இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து இவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று சொல்லும்போது, இல்லை, இவர் நன்றாக இல்லை என்று காட்டியாக வேண்டும், நான் காட்டினேன், பெரும்பாலும் ஜெயித்தேன்.

சவரிராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது ஹார்பர் ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி அவரைத் தட்டிவிட்டுப் போனது, அடி முழுக்க மண்டைக்குள்ளே, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது வெளியே பார்க்க ஒரு தழும்புகூட இல்லை, அதுதான் வழக்கில் பெரிய சிக்கல், நடக்கிறார், வைத்ததைத் தின்கிறார், முகத்தில் பழைய களை அப்படியே இருக்கிறது, பேச்சு மட்டும் எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டது, கேட்டால் உதடு அசையும், சொல் வராது. டாக்டரின் சான்றிதழ் மட்டும் போதாது, வீட்டுக்குள் அவர் எப்படி இருக்கிறார் என்று ஜெசிந்தாதான் கூண்டேறிச் சொல்ல வேண்டும் என்று அவளை வரச்சொன்னேன், அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, என்னத்தக்கா சொல்ல என்றாள், உள்ளதைச் சொல்லும்மா, புருஷனாக அவர் இப்போது உனக்கு என்னவாக இருக்கிறார், அதைச் சொல் என்றேன், மாமியும் கொழுந்தன்மாரும் அங்க இருப்பாவளே என்றாள், இருக்கட்டும் என்றேன், அவள் குரலைத் தாழ்த்தி, அவியளும் இருப்பாவளேக்கா என்றாள், அவருக்கு விளங்காதும்மா என்றேன். சில நேரம் வெளங்குத மாதிரிப் பாக்காவக்கா என்றாள், அதைக் கூண்டில் சொல்லிவிடாதே என்றேன்.

கூண்டில் ஏறியவள் நான் கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறாள், ஆமா, இல்ல, தெரியல, வழக்கு கையைவிட்டுப் போகிறது, பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணையில் மெல்லிய குரலில் கேட்கிறார், உங்க வீட்டுக்காரர் உயிரோடதானேம்மா இருக்கார், உங்க பக்கத்துலதானே படுக்கிறார், அப்புறம் என்ன இழந்துட்டதா சொல்றீங்க. ஜெசிந்தா கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தாள், அதுவரை இல்லாத சத்தத்தில், எம் புருசன் அன்னைக்கே ஹார்பர் ரோட்டுல செத்துட்டாவ சார், வீட்டுல இருக்கது வேற யாரோ, அவருக்கு நான் குளிப்பாட்டி விடுதேன், சோறு ஊட்டுதேன், எனக்கு ரெண்டு புள்ள இல்ல, மூணு புள்ள என்றாள், நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார், ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது, நான் எழுந்து, இந்த மனிதருக்குத் தம்மைச் சுற்றி நடக்கும் எதுவும் விளங்காது என்று என் வாதத்தைத் தொடங்கினேன், நீதிபதியின் முகத்தையே பார்த்துப் பேசினேன், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அரைத்தூக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், ஒரு நாள் அவர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னொரு நாள் சிரிக்கிறார், மற்றொரு நாள் அங்கே பெஞ்சு மட்டும் இருக்கிறது, எதுவும் உண்மையில்லை, நான் பார்க்காத ஒன்றை எப்படி நினைவுகூர்வது.

தீர்ப்பு சாதகமாக வந்தது, ஜெசிந்தா மக்ரூன் இனிப்புப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தாள், இந்தத் தடவை உட்காரவே இல்லை, அவிய எங்க மாமி வீட்டுக்குப் போயிட்டாவக்கா, கோர்ட்டுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்தே எங்கையால சோறு வாங்கல, குளிப்பாட்டப் போனா கதவ உள்ள பூட்டிக்கிடுதாவ, இப்ப அங்க போய் உக்காந்துட்டு வரமாட்டேங்காவ, நீங்க வந்து சொன்னா கேப்பாவ என்று அழுதாள். கடற்கரைத் தெருவில் அந்த வீட்டு வாசலிலேயே மாமியார்க் கிழவி மறித்துக்கொண்டு நின்றாள், எம் புள்ளைய உயிரோட பொதைச்சவ உள்ள வரக்கூடாது, வக்கீலம்மா வேணா வாங்க என்றாள், ஜெசிந்தா தெருவிலேயே வெயிலில் நின்றுவிட்டாள், நான் மட்டும் உள்ளே போனேன், அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதெல்லாம் கேஸுக்காகச் சொன்னது, நான்தான் சொல்லச் சொன்னேன், அவள் மேல் தப்பில்லை என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தொண்டை ஏறி இறங்கியது, நெற்றியில் வியர்வை திரண்டது, அத்தனை பாடுபட்டு ஒரு சொல்லைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார், வெளங்...கிச்சு என்றார். நான் சொன்னது விளங்கியதா, அன்றைக்கு அவள் சொன்னது விளங்கியதா, கேட்காமல் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன், வெளியே வந்ததும் ஜெசிந்தா ஓடிவந்து, என்னக்கா சொன்னாவ என்றாள், ஒன்றும் சொல்லவில்லைம்மா என்றேன்.

அதற்குப் பிறகும் அவள் தினமும் அந்த வாசலில் தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பினாள் என்றும், சில நாள் அது திறக்கப்படாமலே திரும்பி வந்தது என்றும் கேள்விப்பட்டேன், அடுத்த தவக்காலத்தில் கிழவி இறந்துபோனாள், ஈஸ்டர் முடிந்து ஒரு மத்தியானம் ஜெசிந்தா போன் பண்ணினாள், அக்கா, வீட்டுக்கு வந்துட்டாவ, தானா நடந்து வந்துட்டாவ, பேச்சுகூட கொஞ்சம் கொஞ்சம் வருது என்று சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள், எனக்கும் கண் கலங்கியது, நல்லதும்மா, நல்லது என்றேன். பிறகு அவள் தயங்கினாள், ஒண்ணே ஒண்ணுதாங்க்கா, கல்யாணமான நாள்லேர்ந்து என்னய ஏட்டி, வா, போன்னுதான கூப்புடுவாவ, இப்ப வாங்க, போங்கங்காவ, தண்ணி கேட்டாலும் தாங்கங்காவ, தட்ட வாங்குனா எந்திரிச்சு நின்னு வாங்குதாவ, அசலாளு வீட்டுக்கு வந்தவிய மாதிரி இருக்காவக்கா, நீங்க எத்தன பேரப் பாத்திருக்கிய, மண்டையில அடிபட்டா வார்த்த இப்படி மாறிப்போவுமாக்கா, அதுனாலதானக்கா என்றாள். நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆமாம்மா, அடிபட்டதால்தான், வேறொன்றுமில்லை என்றேன், மறுமுனையில் அவள் நீளமாக மூச்சை விடுவது கேட்டது, அதற்கும் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, திக்கித் திக்கி, ஆனால் ஒரு எழுத்தும் பிசகாமல் ஒரு ஆணின் குரல், கொஞ்சம் இங்க வாங்க என்றது, இந்தா வாரேன் என்று அவள் போனை வைத்தாள்.