தானாகக் குணமான கீல்

பாதியில் நின்ற கீல் மறுநாள் தானாகவே சரியாகிவிட்டதை அண்ணியால் நம்ப முடியவில்லை.

அந்தக் கீலை வடிவமைத்தவளே அவள்தான். செயற்கைக்கோளின் பக்கவாட்டில் மடித்துக் கட்டியிருக்கும் சூரியத் தகடு, மேலே போனதும் ஸ்பிரிங் இழுக்க அந்தக் கீலில் திரும்பி விரிய வேண்டும். ஒரே ஒருமுறைதான். ஆனால் அந்த ஒருமுறை சிக்கிக்கொண்டால் ஏணி போட்டு ஏறித் தட்டிவிட அங்கே ஆள் கிடையாது. அதனால் காற்றை உறிஞ்சிவிட்டுக் குளிரவைக்கும் பெரிய இரும்புத் தொட்டிக்குள் அதை வைத்து, திரும்பத் திரும்ப விரித்துப் பார்த்தார்கள். முதலில் ஒழுங்காகத்தான் விரிந்தது. பிறகு ஒருநாள் பாதியிலேயே நின்றுவிட்டது.

வெளியே எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. "அப்படியே மாட்டி மறுபடி ஓட்டுங்க," என்றார் பிரிவின் தலைவர். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. குரலைக் கேட்டு எல்லோரும் வைத்த பெயர் 'பெரியவர்'. மறுநாள் ஓட்டினார்கள். வழுக்கிக்கொண்டு விரிந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி மட்டும் தட்டவில்லை. கீல் புதிதாக இருந்தபோதுகூட இவ்வளவு வேகமாக விரிந்ததில்லை.

வீட்டில் சொன்னபோது பஸ் ஓட்டுநரான கணவன் சிரித்தான். "வண்டி நின்னா எறங்கித் தள்ளுவாங்க, கெளம்பினா ஏறிக்குவாங்க. ஏன் கெளம்புச்சுன்னு கேக்குற பிரயாணி நீ ஒருத்திதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கீலைக் கழற்றி மாட்டியது அவனுடைய தங்கை. இடுக்கியால் மிளகளவு திருகாணியைப் பிடித்து மாட்டும் சாமர்த்தியத்துக்காக வேலையிடத்தில் அவளுக்குக் 'குண்டூசி' என்று பெயர். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பஸ். அங்கே 'மேடம்' என்பவள் வாசற்படி ஏறியதும் 'அண்ணி' என்பாள்.

சாப்பிடும்போது அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். "அன்னைக்கு மாட்டும்போது கீல் ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

குண்டூசி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இல்லையே. ஏன் அண்ணி?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீங்க எதையும் சும்மா கேக்க மாட்டீங்களே." பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மடியில் கனமில்லாதவள் ஏன் எழுந்து போகிறாள்? அதற்குப் பிறகு அண்ணியின் கண்ணில் எல்லாமே தப்பாகப் பட்டது. குண்டூசி முந்தின பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அண்ணி அறைக்குள் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒருநாள் குளியலறையில் அவள் நெடுநேரம் கை தேய்த்துக் கழுவும் சத்தத்தை அண்ணி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். அப்படி நின்றதற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய சந்தேகம். காற்றில்லாத இடத்தில் எண்ணெய் போட்ட இடத்தில் தங்காது. ஆவியாகி, பக்கத்தில் எது குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் போய்ப் படியும். இந்தச் செயற்கைக்கோளில் கீலுக்குப் பக்கத்தில் இருந்தது கேமராவின் லென்ஸ்.

யாரிடமும் சொல்லாமல், துடைத்துச் சுத்தம் செய்த ஒரு கண்ணாடி வில்லையைக் காலித் தொட்டிக்குள் வைத்து ஓட்டினாள். பளிச்சென்று வெளியே வந்தது. தொட்டிமேல் குற்றமில்லை. அடுத்து, அதே வில்லையைக் குளிரவைத்துக் கீலுக்கு அருகில் வைத்தாள். வெளியே எடுத்து விளக்கில் சாய்த்தபோது, மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல்போல வண்ணம் வண்ணமாக ஒரு படலம்.

உடை மாற்றும் அறையில் குண்டூசி தொப்பிக்குள் தலைமுடியைச் செருகிக்கொண்டிருந்தாள். அண்ணி கண்ணாடியை நீட்டினாள்.

"இது எப்படி வந்துச்சு?"

குண்டூசிக்கு 'மேடம்' என்று அழைப்பதே மறந்துபோனது. "இதை ஏன் அண்ணி எங்கிட்டக் காட்டுறீங்க? உங்க காரியம் உங்களோட போகட்டும். நான் யார்கிட்டயும் மூச்சுவிடல."

"என் காரியமா?"

"மாட்டும்போதே பிசுபிசுன்னு இருந்துச்சு. ராத்திரியெல்லாம் தூங்காம உலாத்திக்கிட்டிருந்தீங்க. தாங்க முடியாம நீங்கதான் ஒரு சொட்டு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அண்ணனோட பொண்டாட்டிய எப்படிக் காட்டிக் கொடுக்குறது?"

"அடிப்பாவி! நீதான்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

குண்டூசிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மேலயா சந்தேகம்? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா?"

"நீயும் அதே வீட்டுலதானே இருக்க?"

குண்டூசி கண்ணாடியை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ஒரே சமயத்தில் இருவருக்கும் ஒரே ஆள் நினைவுக்கு வந்தது. கீலை வைத்துப் பூட்டும் அறையின் சாவி, அவர்கள் இருவரைத் தவிர இன்னொருவரிடமும் இருந்தது.

பெரியவர் மறுக்கவே இல்லை. அதுதான் அண்ணியைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆமா, நான்தான். அளவுக் கருவிக்குப் போடுற எண்ணெய், குளிர்ல உறையாது. மேல போய் ஒரே ஒரு தடவை விரியணும், அவ்வளவுதானே? ஆவியாகுறதுக்குள்ள விரிஞ்சிடும்."

"ஏன் நின்னுச்சுன்னு தெரியாமலே மூடி அனுப்புறதா சார்?"

"ஏவுற நாள் குறிச்சாச்சு. காரணம் தேடிக்கிட்டே உக்கார முடியாது."

"அப்ப இந்தக் கண்ணாடியக் கேமராப் பிரிவுல காட்டிட்டு வரேன். அவங்க லென்ஸுல என்ன படியப்போகுதுன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

அவர் அவள் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். "கழட்டிப் பாருங்க," என்றார் கடைசியில்.

கீலின் ஊசியை அது நுழையும் குழலோடு சேர்த்து அறுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே உலோகம், அண்ணியின் தேர்வுதான். மேலே பூசியிருந்த பூச்சு ஓர் ஓரத்தில் தேய்ந்து, உலோகம் உலோகத்தை நேராகத் தொட்டிருந்தது. கீழே இருக்கும்போது காற்று பட்டு உலோகத்தின்மேல் மெல்லிய தோல் படியும். வெற்றிடத்தில் அந்தத் தோல் ஒருமுறை உரிந்தால் மறுபடி வளராது; பச்சைப் புண்கள் ஒட்டிக்கொள்வதுபோல இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அண்ணி குழலை வேறு உலோகத்தில் செய்யச் சொன்னாள். எண்ணெய்க்குப் பதில், ஆவியாகாத உலர்ந்த வழுக்குப் பூச்சைத் தடிமனாகப் பூசவைத்தாள். ஸ்பிரிங்கையும் பலமாக்கினாள். ஏவுவது தள்ளிப்போனது.

இன்னொன்றையும் அவள் கேட்டு வாங்கினாள்: அந்த அறைக்குள் இனி யாரும் தனியாகப் போகக் கூடாது.

"நானும் போகக் கூடாதா?" என்றார் பெரியவர்.

"நானும் போக மாட்டேன் சார்."

அதற்குப் பிறகு அவர் அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஏவிய அன்று, தகடு விரிந்துவிட்டது, மின்சாரம் வருகிறது என்று திரையில் தெரிந்ததும் கூடம் முழுக்க ஆரவாரம். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேமரா அனுப்பிய முதல் படத்தில் ஒரு கடற்கரை, கோடு கிழித்ததுபோலத் துல்லியமாகத் தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது குண்டூசி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநாளுக்குப் பிறகு.

"அண்ணி, எம்மேல இன்னும் சந்தேகம் இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இவளிடம் பொய் எடுபடாது. "சாவி உன் கையில இருந்தா, கொஞ்சம் இருக்கும்."

குண்டூசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா, சிரிப்பை அடக்குகிறாளா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. இறங்கும் இடம் வந்ததும் குண்டூசி முதலில் இறங்கி, பின்னால் வந்த அண்ணியின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.