கன்னிமார் ஊற்றில் ஒரு சத்தியம்

வாட்டில் என்கிற சீமை மரத்து விதைக்குத் தோல் கனம். அப்படியே மண்ணில் போட்டால் வருஷக்கணக்கில் கல்லாகக் கிடக்குமே தவிர முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, தளதளப்பு அடங்கியபின் விதைமேல் ஊற்றி மூடிவைக்க வேண்டும். அது தானாக ஆறி முடிவதற்குள் தோல் இளகிவிடும். கொடைக்கானல் மலைமேல் இருக்கிற போளூரில் இந்த வேலைக்குக் கந்தம்மாளை விட்டால் ஆள் கிடையாது. அவள் பதம் பார்த்த விதை பொய்த்ததே இல்லை என்று காண்ட்ராக்டர் சேனாதிபதியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். பாராட்டுகிறவர் இல்லை அவர். வாய் தவறி வந்துவிட்டது.

அந்தக் கந்தம்மாள்தான், அந்த வருஷம் கோடை மழை விழுந்த மறுநாள், மொட்டைமேட்டுக்கென்று வந்திறங்கிய விதை அத்தனையையும் அண்டாவில் கொட்டி, அடுப்பை விட்டு இறக்காமல் மொச்சைக்கொட்டை அவிக்கிற மாதிரி அவித்தெடுத்தாள்.

"மதினி, அவிச்ச பயறு வாடை வருது" என்றாள் கூட வேலை பார்த்த கண்மணி.

"வெதைக்குக் குளுருதாம். நீ ஒஞ் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு விறகைத் தள்ளினாள் கந்தம்மாள்.

மொட்டைமேடு என்பது பேருக்குத்தான் மொட்டை. மேடு முழுக்க முழங்காலளவு புல். புல்லுக்குள் குறிஞ்சி. அது பூத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. உதிர்ந்த விதையெல்லாம் அப்போதுதான் செடியாகிக் கணுக்கால் உயரம் எழும்பியிருந்தது. விடியற்காலையில் வரையாடுகள் குட்டிகளோடு வந்து மேய்ந்துவிட்டு, மனுஷ வாடை பட்டதும் பாறைச் சரிவில் இறங்கிக் காணாமல் போகும். மேட்டின் மடிப்புக்குள் ஒரு சோலை. சோலை என்றதும் கொடைக்கானல் ஏரிக்கரைப் பூந்தோட்டத்தை நினைத்துக்கொள்ளக்கூடாது. உச்சி வெயிலிலும் உள்ளே அரையிருட்டாக இருக்கும். மரத்துக்கு மரம் பாசி, பாசிக்குள் பேர் தெரியாத பூச்செடி, ஆள் உயரத்துக்குக் குடை விரித்த பெரணி. மேலே கருமந்திகளும் ஒரு முழ வாலை இழுத்துக்கொண்டு மலையணிலும் திரியும். அடியில் செம்மண் நிறத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு தவளை, மழை இருட்டினால் கண்ணாடி வளையல் உரசுகிற மாதிரி கத்தும். அந்தச் சத்தத்தைப் போளூரைத் தவிர வேறெங்கும் கேட்டதில்லை என்று கந்தம்மாள் அடித்துச் சொல்வாள். அவள் வத்தலக்குண்டைத் தாண்டிப் போனதில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் தாண்டிப் போனவர் ஒருவர் இருந்தார். கொடைக்கானல் பஜாரில் விதை, சாக்கு, கயிறு எல்லாம் விற்கிற அலாவுதீன் பாய். இளவட்ட வயதில் மாலத்தீவுக்கு மாசிக்கருவாட்டு வியாபாரம் போய்வந்தவர். பூண்டு எடுக்கப் போளூர் வந்தபோது ஒரு காலை, பள்ளத்தாக்கு முழுக்க மேகம் அடைத்துக் கிடக்க, மொட்டைமேட்டில் நின்று பார்த்தவர் கந்தம்மாளிடம் சொன்னார்:

"இது மலையில்ல தாயி, தீவு. நான் பாத்த தீவுங்கள்ல, ஒண்ணுல இருக்குற ஓணானு அடுத்ததுல இருக்காது. கடலைத் தாண்டி அது எங்கிட்டுப் போகும்? இந்தத் தவளையும் அப்பிடித்தான். கீழ எறங்குனா வெயிலு கொன்னுபோடும். இத அழிச்சா அதுக்குப் போக்கெடம் கெடையாது."

"எங்களுக்கு மட்டும் இருக்காக்கும்" என்றாள் கந்தம்மாள்.

அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எதிரே இருக்கிற கரட்டுமேட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இதே சேனாதிபதி வாட்டில் வைத்தார். தோல் பதனிடுகிற கம்பெனி ஒன்றுக்கு அந்த மரத்துப் பட்டை வேண்டும். கம்பெனிக்கு அவர் காண்ட்ராக்டர். அந்த விதைக்கும் வெந்நீர் ஊற்றியது கந்தம்மாள்தான். அத்தனையும் முளைத்தது. முளைத்து, நெருக்கியடித்து வளர்ந்து, புல்லைத் தின்றது, குறிஞ்சியைத் தின்றது, ஓரத்தில் இருந்த சின்னச் சோலைக்குள்ளும் புகுந்தது. இன்றைக்கு அங்கே போனால் ஒரு குருவிச் சத்தம் இல்லை. கரட்டுமேட்டிலிருந்து வந்த ஓடையில் இப்போது கூழாங்கல்தான் ஓடுகிறது. அந்த ஓடையை நம்பிப் பூண்டு போட்டவர்கள் பாத்தியைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறார்கள். மிச்சம் இருப்பது மொட்டைமேட்டுச் சோலையிலிருந்து வருகிற கன்னிமார் ஊற்று ஒன்றுதான். கந்தம்மாளின் பூண்டுப் பாத்தியும், ஊர்ப் பெண்களின் குடமும், மாடு கன்றும் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

அவள் முதலில் வாயால் கேட்டுப் பார்த்தாள். "மொதலாளி, இந்த ஒரு மேட்ட விட்டுருங்க."

சேனாதிபதி சிரித்தார். "எந்த மேட்ட? அந்தப் புல்லுக் காட்டையா? ஒண்ணுத்துக்கும் ஆகாம சும்மா கெடக்குற எடத்துக்கு வந்த யோகத்தப் பாரு. பேசாம அடுப்பப் பத்தவையி."

சும்மா கிடக்கிறதாம். இந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது. அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார், பற்றவைத்தாள். எப்போது அணைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

பெண்கள் வரிசையாகக் கீறிவிட்டு விதைத்தார்கள். மழையும் குறை வைக்கவில்லை. கீறின இடத்தில் புல் மறுபடி தலைகாட்டியது. வாட்டில் மட்டும் வரவில்லை. ஆனி மாதம் சேனாதிபதி ஜீப்பில் வந்தார். ஜீப் ஊற்றோடைக் கரையோடு நின்றுவிடும். மேட்டுக்குப் போக அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பூட்ஸைக் கழற்ற மனமில்லாமல் கல்லுக்குக் கல் தாவிப் போனார். மேட்டில் குச்சியால் கிளறி ஒரு விதையை எடுத்து நசுக்கினார். மாவாகப் போனது.

பின்னாலேயே வந்திருந்த கந்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை அவர் சந்தேகப்படவே இல்லை. "சொத்தை வெதையக் குடுத்து என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டான் அந்தப் பாய்" என்று கத்திக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நேரே போய்க் கொடைக்கானல் பஜாரில், சந்தை நாளில், அலாவுதீன் கடை வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். புழுத்த விதை விற்கிறவன், ஏமாற்றுக்காரன், இவன் கடையில் வாங்கினால் உங்கள் தோட்டமும் நாசம் என்று. அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு விதைக்கு வருகிறவர்கள்கூடப் பாய் கடையைத் தாண்டிப் போகிறார்கள் என்று சேதி வந்தது.  மேட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்த கந்தம்மாளுக்கு, அந்த விதைமூட்டைக்குப் பின்னால் ஒரு மனுஷனின் பெயர் இருக்கிறது என்பது அதுவரை தோன்றவே இல்லை. தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் சேனாதிபதிமேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அலாவுதீன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பழனி வரைக்கும் போய்ச் சேனாதிபதியின் வீட்டு வாசலில் நின்று, "எந்தச் சாமி முன்னால வேணாலும் நிக்கிறேன். கூப்புடுங்க" என்று சவால் விட்டார்.

சேனாதிபதிக்கு அது இனித்தது. போளூரில் சத்தியம் என்றால் கன்னிமார் ஊற்றுதான் என்று அவருக்குத் தெரியும். ஊற்றடியில் ஏழு கல் நட்டிருக்கிறது. வரப்புத் தகராறோ மாட்டுத் தகராறோ, அந்தத் தண்ணீரில் கால் நனைய நின்று சொன்னால் முடிந்தது. அங்கே நின்று பொய் சொன்னவன் இந்த ஊரில் பிறந்ததில்லை. பாய் நடுங்குவார், ஊரே பார்க்கும், விதைப் பணத்தையும் திரும்ப வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். அந்த வழக்கத்தில் பாதிதான் அவருக்குத் தெரியும். மீதியை யாரிடமும் அவர் கேட்கவில்லை.

குறித்த நாளில் வெள்ளனே ஊர் கூடிவிட்டது. ஊர்ப் பெரியதனம் அழகுமலை ஏழு கல்லுக்கும் சூடம் காட்டினார். அலாவுதீன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

"எனக்கு மேல அல்லா ஒருத்தன். ஒங்க தண்ணில நின்னு அவம்பேர்ல சொல்றேன். நான் குடுத்தது அந்த வருசத்து வெதை. சொத்தை கெடையாது."

"வாய்க்கு வந்ததச் சொல்லிட்டா ஆச்சா?" என்று துள்ளினார் சேனாதிபதி. "அப்ப எவன் கை பட்டுக் கெட்டுச்சு? வெதையத் தொட்ட அத்தனை பேரும் எறங்கட்டும்!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கந்தம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தண்ணீர் எலும்பில் குத்தியது.

"வெதை நல்ல வெதை. பாய் மேல குத்தமில்ல. வேகவச்சவ நானு" என்றாள்.

கரையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கை தவறிப் போச்சா?" என்றார் சேனாதிபதி. அவருக்கே அப்படி இருந்தால் நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எங் கை தவறாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? வேணும்னேதான் வேகவச்சேன். இன்னொரு மூட்டை கொண்டாந்தாலும் வேகவப்பேன்."

பிறகு அலாவுதீன் பக்கம் திரும்பினாள். அவர் முகம் சுருங்கிப்போய் நின்றது.

"எம் பேர வச்சில்ல அடுப்பெரிச்சிருக்கே தாயி" என்றார்.

"தப்புத்தான் பாய். ஒங்களுக்கு மட்டும் தலை குனியுறேன். கொடைக்கானல் பஜார்லயே வந்து நின்னு சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும். வேற ஒருத்தருக்கும் குனிய மாட்டேன்."

சேனாதிபதிக்கு அப்போதுதான் ரத்தம் தலைக்கேறியது. "போலீசக் கூட்டியாரேன். ஒன்னய உள்ள தள்ளலன்னா எம் பேரு சேனாதிபதி இல்ல" என்று ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"தள்ளுங்க, அது ஒங்க பாடு" என்றார் அழகுமலை. குரல் உயரவில்லை. "மொதல்ல தண்ணிய முடிச்சிட்டுப் போங்க."

"முடிஞ்சாச்சே! இவதான் ஒத்துக்கிட்டாளே!"

"பாதிதாங்க முடிஞ்சிருக்கு. தண்ணில எறங்கச் சொன்னவுகளும் எறங்கணும். நின்னவுக ஒண்ணு கேப்பாக, அதுக்கு நீங்க சத்தியம் சொல்லணும். சொல்ல மாட்டேன்னு போனா, தோத்தது நீங்கன்னு அர்த்தம். எங்க பாட்டன் காலத்துலருந்து அப்பிடித்தான்."

சேனாதிபதி கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவரிடம் கூலிக்கு நின்ற முகங்கள்தான். ஒன்றுகூட விலகி வழிவிடவில்லை.

"என்ன கேக்கப் போறே?" என்றார்.

கந்தம்மாள் யோசிக்கவே இல்லை. "பெரிசா ஒண்ணுமில்ல. இந்த மேட்டுல வாட்டில் வச்சாலும் இந்தத் தண்ணி வத்தாது, இந்தச் சோலை சாகாதுன்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா நானே வெந்நி போடுறேன், பதமா போடுறேன். அப்பறம் ஜெயிலுக்கும் நடந்தே வாரேன்."

அவர் குனிந்து ஒரு பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். நெற்றியில் பழனித் திருநீறு பட்டையாகத் துலங்கியது. பூட்ஸைக் கழற்றினார், காலை ஓடையின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோனார். தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. சோலைக்குள்ளிருந்து மந்தி ஒன்று உறுமியது. பொய் சொல்வது அவருக்குப் புதிதில்லை. பஜாரில் போன மாதம்கூட ஒன்றைப் பத்தாக்கித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஆனால் கரட்டுமேட்டு ஓடை எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்தக் காய்ந்த ஓடைக்குள்தான் அவர் வருஷம் தவறாமல் பட்டை லாரியை இறக்குகிறார்.

கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பின்வாங்கியது.

"கிறுக்கு ஊரு. கிறுக்குச் சட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டு பூட்ஸை மாட்டினார். கயிற்றைக் கட்டாமலே நிமிர்ந்துவிட்டார்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கண்மணி கையிலிருந்த, மண்ணைக் கீறுகிற களைக்கொத்தை ஏழு கல்லின் முன்னால் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்றவள் தன்னுடையதை அதன்மேல் வைத்தாள். நடவுக்குப் போகிற அத்தனை பெண்களும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

சேனாதிபதி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கொண்டு அங்கிருந்து கத்தினார். ஜீப்புக்குள் அவருக்குத் தைரியம் திரும்பியிருந்தது.

"நீங்க இல்லாட்டி என்னடி? கன்னிவாடியிலருந்து லாரி நெறைய ஆள் கொண்டாருவேன். புது வெதை, புது ஆளு. யாரு தடுப்பா?"

"கொண்டாங்க. மேட்டுக்குப் போக இந்தத் தண்ணியத் தாண்டணும்ல? ஒவ்வொரு ஆளையும் இங்ஙன நிப்பாட்டி இதையேதான் கேப்பேன். சொல்லிட்டுப் போகட்டும்."

"எத்தன நாளைக்குடி தண்ணிக்குள்ள நிப்பே?"

கந்தம்மாளுக்குக் கால் மரத்துப்போய் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. பயமும் இருந்தது, போலீஸ், கூலி போன வீடு, ஒட்டன்சத்திரத்துக்குப் பூண்டு ஏற்றிப் போயிருக்கும் புருஷன் திரும்பி வந்து என்ன சொல்வானோ என்பது எல்லாம் இருந்தது. அவள் காலை நகர்த்தாமல் அவரை நேராகப் பார்த்தாள்.

"தண்ணி இருக்குற வரைக்கும்."

கண்மணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து இறங்கினாள்.