கதவுக்கு விடுகிற சந்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு பெஞ்சில் கிடைத்தது.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பொன்னழகு டீக்கடை. அங்கே உட்கார்ந்தால் ஆள் மெல்ல இடப்பக்கம் சரிவார். பெஞ்சின் ஒரு முனை மூக்குப் போல மேலே வளைந்திருக்கும்.

"என்னய்யா பெஞ்சு இது?"

"பெஞ்சு இல்ல, படகு," என்றார் பொன்னழகு, டீயை ஆற்றிக்கொண்டே.

கடல் அங்கிருந்து நாற்பது மைல். எனக்குக் கை பரபரத்துவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

2

ஆரம்பம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"சுந்தரம் ஆசாரிக்குக் கடல் என்றால்—" இல்லை. அவர் கடலைப் பார்த்ததே கிடையாது.

"மார்கழி மாதத்து வானம்—" வானத்தை விடுங்கள். அது எல்லாக் கதையிலும் இருக்கிறது.

"சுந்தரம் ஆசாரி ஒரு பொய் எழுதினார்." ஆங், இதுதான்!

அறுபத்தாறாம் வருஷம் என்று வைத்துக்கொள்வோம். (பொன்னழகு அறுபத்தேழு என்கிறார். விரலை மடக்கி எண்ணிவிட்டு மறுபடி அறுபத்தாறு என்கிறார்.) சுந்தரத்தோடு பள்ளிக்கூடத்தில் படித்த கருத்தையா, தூத்துக்குடியில் தோணி கட்டும் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. படகு வேலை தெரிந்த தச்சர் வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். சுந்தரத்துக்கும் பொன்னழகுக்கும் ஊர் பக்கத்து நெற்குப்பை. அங்கே சுந்தரம் செய்த கதவுகள் நூறைத் தாண்டும். ஆனால் கதவு, மாட்டிய இடத்திலேயே நிற்கும். ஓடுகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவருக்குப் பத்து வருஷத்து ஆசை. "பாய்ப்படகு ஒன்று செய்து கண்மாயில் விட்டிருக்கிறேன்" என்று பதில் எழுதிவிட்டார்.

பதிலுக்குப் பதில் வந்தது: "சனி ஞாயிறு வருகிறேன். ஏறிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொல்கிறேன்."

கையில் இருந்தது ஒன்பது நாள்.

3

சுந்தரத்தின் மனைவி சிகப்பியை முதல் பிரதியில் அழவைத்திருந்தேன். வாசித்துக் காட்டியதும் பொன்னழகு விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு, சிகப்பியா? அழுகுறதா?" அந்த வரியை அடித்துவிட்டேன்.

சிகப்பி சொன்னது இதுதானாம்: "எழுதித் தொலைச்சுட்டீக. இனி அத உண்மையாக்குங்க. பாய்க்கு என்ன செய்யப் போறீக?" என்று கேட்டுவிட்டு, புருஷனின் வேட்டிகளில் நாலை எடுத்து அவளே சேர்த்துத் தைத்தாள்.*

* பட்டு வேட்டி என்று எழுத ஆசைதான். பட்டில் காற்று நிற்குமோ என்னவோ, சாதா எட்டு முழமே இருக்கட்டும்.

பலகை பழைய வீட்டுத் தேக்கு. இங்கேதான் அவருடைய கை அவரை ஏமாற்றிவிட்டது. கதவுப் பலகைகளைச் சேர்க்கும்போது நூலளவு சந்து விட வேண்டும். மழைக்கு மரம் ஊதினால் கதவு இறுகிக்கொள்ளும் அல்லவா? அதே சந்தைப் படகுக்கும் விட்டார். தண்ணீர் பட்டதும் மரம் ஊதித் தானாக அடைந்துகொள்ளும் என்று நம்பினார். அறுபது வருஷம் காய்ந்த தேக்கு எங்கே ஊதப் போகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை தேறிவிட்டது என்று மனசுக்குப் பட்டால்தான் சுந்தரம் அடிப்பக்கத்தில் உளியால் சின்னதாக ஒரு பிறை வெட்டுவார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கடைசி ஆணியை அடித்தவர், பிறையை வெட்டவில்லை. "அக்கரையத் தொட்டுட்டு வெட்டுறேன்," என்றார்.

4

சனிக்கிழமை. கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது. கரையில் ஊரே நிற்கிறது.

"டேய் சுந்தரம்! கண்மாய்ல கப்பலே விட்டிருக்கடா!" என்று கருத்தையா தோள்பையோடு தாவி ஏறினார்.

"பாத்து ஒக்காருங்கண்ணே. நானும் வாரேன்," என்று சிகப்பி ஒரு சொம்பு மோரோடு ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் ஏறியிருப்பாள்.

சுந்தரம் கயிற்றை இழுத்தார். நாலு வேட்டியும் படபடவென்று அடித்து, பிறகு பொம்மென்று உப்பின. அடேயப்பா! படகு கிளம்பியது பாருங்கள்! பொடிசுகள் கரையோடு ஓடின. ஓடிப் பிடிக்க முடியவில்லை. சுந்தரம் வாய்விட்டுச் சிரித்தார். முகத்தில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார். கண்மாயில் பாதி தாண்டியாயிற்று.

அப்போது கருத்தையா தன் காலைப் பார்த்தார். கரண்டைக்கால் வரை தண்ணீர். குனிந்து பலகையை விரலால் தடவினார்.

"என்னடா இது சந்து?"

"மழைக்கு ஊதும்ல…" சுந்தரத்துக்கு வாய் தவறிவிட்டது.

"படகு செஞ்சியா, கதவு செஞ்சியா?"

(இந்த இடத்தில் நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன். ஒரு பிரதியில் சுந்தரம் இன்னொரு பொய் சொன்னார், எனக்கே பிடிக்கவில்லை. இன்னொன்றில் படகு கவிழ்ந்து கருத்தையா— வேண்டாம், கிழித்துவிட்டேன்.)

"ஆமாடா, பொய்தான் எழுதுனேன்! இதான் மொதப் படகு!" என்று சுந்தரம் கத்தினார். கண் கலங்கிவிட்டது. கயிற்றை மட்டும் விடவில்லை. "ஆனா ஓடுதுடா! ஓடுது பாரு!"

சிகப்பி மோரைக் கண்மாயில் கொட்டிவிட்டு, அந்தச் சொம்பாலேயே தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். பத்துச் சொம்பு இறைப்பதற்குள் படகு மெதுவாகக் கீழே போனது. மூன்று பேரும் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார்கள், வேட்டிப்பாய் தலைமேல் விழுந்து கிடக்க. உள்ளேயிருந்து கருத்தையாவின் குரல்:

"ஓடத்தாண்டா செஞ்சுச்சு. ஆனா முங்கவும் செஞ்சுச்சே! நாளைக்குக் காலைல சந்துல பஞ்சத் திணிச்சு, குங்கிலியம் பூசி, மறுக்கா விடு. அக்கரையத் தொட்டா திங்கக்கிழம என்கூட பஸ் ஏறு. தொடலேன்னா கதவே செய்யி."

5

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று?

பொன்னழகுக்குத் தெரியாது. அன்றைக்குத் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று இளையாத்தங்குடிக்குப் போய்விட்டாராம். என்ன மனுஷன்! செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தபோது சுந்தரம் வீட்டில் பூட்டு. தூத்துக்குடிக்குப் போனார்கள் என்றார்கள் சிலர். வெட்கப்பட்டுச் சிகப்பியின் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். கரையில் கேட்பாரற்றுக் கிடந்த படகை யாரோ அறுத்து விற்க, அடிப்பலகை இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தது.

"அடியில பிறை இருக்கா?" என்றேன்.

பொன்னழகு டீ ஆற்றுவதை நிறுத்தினார். "பாத்ததில்லீங்க. தொடைக்கும்போதுகூட மேலாலதான் தொடைப்பேன்."

நான் குனியப் போனேன். பாதியிலேயே நிமிர்ந்துவிட்டேன். சுந்தரத்தை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

திருப்பத்தூர்ப் பக்கம் போனால் நீங்கள் குனிந்து பாருங்கள். பிறை இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இல்லையென்றால் போட வேண்டாம். கார்டு வந்துகொண்டிருக்கிறது என்றே நான் இருந்துகொள்கிறேன்.